அக்கிலீசும் எரிமலையும் அணியத்துக் கயிறும்

அந்தோணியார் குருசடித் தெருவில் வளனைத் தெரியாதவர்கள் கிடையாது. பாதிப் பேர் அவன் கேட்டு நன்கொடை கொடுத்தவர்கள். மீதிப் பேர் அவன் வருவதைப் பார்த்ததும் வீட்டில் ஆள் இல்லாதது போல் டிவியை அணைத்தவர்கள். எரிமலை இமையவர்மன் நற்பணி மன்றத்தின் கிளைச் செயலாளர் என்றால் சும்மாவா? படம் வெளியாகும் அன்று கட்அவுட்டின் உச்சிக்கு ஏறிப் பால் ஊற்ற வேண்டும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட வேண்டும். ஊத்திக்கொண்ட படத்தை ஓடிய படம் என்று டீக்கடையில் சாதிக்க வேண்டும். இத்தனை வேலைக்கு நடுவில் கல்யாணம் செய்துகொள்ள நேரம் இல்லாமல் போயிற்று. பெண் பார்க்கப் போன ஒரே வீட்டில், பெண்ணின் அப்பா வேறொரு நடிகரின் ஆள் என்று தெரிந்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தவன் அவன்.

இதெல்லாம் கரையில். கடலில் அவனுக்கு ஒரே வேலை. அக்கா டெல்பினின் புருஷன் ரோச் சங்கு குளிக்கிறவன். ரோச் கடலுக்கு அடியில் இறங்கினால், அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் உட்கார்ந்து வளன் பிடித்திருப்பான்.

இந்தத் தெருவில் அந்தக் கயிற்றைக் கண்டவனும் தொட முடியாது. குளிக்கிறவனின் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பியைக்கூட நம்ப மாட்டார்கள், ஏதாவது வீட்டுத் தகராறு மனதில் இருந்துவிடலாம். மச்சினன் அப்படி இல்லை. கயிற்றை விட்டால் அறுவது அவன் கூடப்பிறந்தவளின் தாலி. காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி முத்துக் குளித்த காலத்து ஏற்பாடு இது. இப்போது வள்ளத்தில் கம்ப்ரசர் வந்துவிட்டது. வாயில் டியூபைக் கவ்விக்கொண்டு காற்று இழுத்தபடி இறங்குகிறார்கள். கயிறு மட்டும் மச்சினன் கையை விட்டு நகரவில்லை. கீழேயிருந்து ஓர் இழுப்பு வந்தால் தளர்த்து. இரண்டு இழுப்பு வந்தால் தூக்கு. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த எதையும் தலையில் தங்கவிடாத வளன், இந்த ஒன்றை மட்டும் மறந்ததே இல்லை.

ஒரே ஒரு நாளைத் தவிர.

அது மார்ச் மாதம். இமையவர்மனே படப்பிடிப்புக்குத் தூத்துக்குடிக்கு வந்தார். கடலடியில் மூழ்கிய கோட்டைக்குள் நாயகன் நீந்திப் போய் வாளை எடுத்து வரும் காட்சி. இரும்புச் சட்டத்தில் ஃபைபர் தூண்களை ஒட்டி, ஒரு கோட்டையையே கடலுக்குள் இறக்கியிருந்தார்கள். நாயகனுக்கு நீச்சல் தெரியாது. அதனால் அவர் உடல்வாகில் குளியாள் ஒருவன் வேண்டும் என்று சினிமாக்காரர்கள் கரையில் விசாரித்தார்கள். வளன் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

“எங்க மச்சான் இருக்காரு சார். அண்ணன் உசரந்தான். முதுகு அச்சா அண்ணன் முதுகு.”

பின்னால் நின்ற ரோச்சுக்குச் சிரிப்பு. “ஏலே மாப்ள, என் முதுக நீ எப்பம்ல பாத்த?”

“தெனமும் ஒம்ம தண்ணிக்குள்ளயிருந்து தூக்கிப் போடுதனே. முதுகத்தான பாக்கேன். மூஞ்சியவா பாக்கேன்?”

இப்படித்தான் ரோச் எரிமலை ஆனான். இமையவர்மன் போட்ட அதே தோல் கச்சை, அதே தலைமுடி. டியூபும் கயிறும் படத்தில் தெரியாமல் பிறகு அழித்துக்கொள்வார்களாம். அவன் இறங்கினான். வளன் கயிற்றைப் பிடித்தான். கம்ப்ரசர் தடதடவென்று ஓடியது.

அப்போது இமையவர்மன் நின்றிருந்த பெரிய படகு வள்ளத்தை ஒட்டி வந்தது. அவர் குனிந்து பார்த்தார். வளனின் நெஞ்சில் பச்சை குத்தியிருந்த தன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையை நீட்டினார்.

“வாங்க தம்பி, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

வாழ்நாள் முழுக்க எந்தக் குரலுக்காகத் தொண்டை கிழியக் கத்தினானோ அந்தக் குரல் அவனைத் தம்பி என்று கூப்பிட்டது. ஒரு நிமிஷந்தானே என்றது புத்தி. வள்ளத்தின் மூக்கை அணியம் என்பார்கள். அந்த அணியத்தில் கயிறு கட்டும் கட்டை ஒன்று உண்டு. மச்சான் உயிரை அதில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வளன் படகில் தாவினான். எரிமலை அவன் தோளில் கை போட்டார். நல்ல வாசனை அடித்தது.

கீழே ரோச்சின் டியூப் கோட்டையின் இரும்பில் மாட்டி மடங்கிக்கொண்டது. காற்று வரவில்லை. அவன் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தான். மறுபடி இரண்டு இழுத்தான். மரக்கட்டைக்கு என்ன தெரியும்? கடைசியில் டியூபைத் துப்பிவிட்டு, கயிற்றைக் கையால் பற்றிப் பற்றி அவனே மேலே வந்தான். வரக்கூடாத வேகத்தில் வந்தான். மூக்கிலும் இடது காதிலும் ரத்தம். கயிற்றின் முடிவில் ஒரு கை இருக்கும் என்றுதான் வந்திருப்பான். அணியத்துக் கட்டையைத் தொட்டான்.

வளன் படகிலிருந்து திரும்பிப் பார்த்தபோது ரோச் அந்தக் கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வளனைப் பார்த்தான். இருமினான்.

பெரியாஸ்பத்திரியில் காதுச் சவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். இனிக் குளிக்கப் போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். அழுதுகொண்டு ஓடி வந்த டெல்பினிடம் ரோச் சொன்னது இதுதான்: “நீரோட்டம் புள்ள. டியூபு மாட்டிக்கிட்டு. மாப்ள மட்டும் கயித்த இழுக்கலன்னா இந்நேரம் நீ என்னைய பெட்டில பாத்திருப்ப.”

வளன் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் டெல்பின் அவன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அதன்பிறகு டெல்பின் தெருவெல்லாம் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள், பூசை முடிந்து கோவில் வாசலில் சொன்னாள், ஏலக் கூடத்தில் மீன் எடுக்க வந்த சாத்தான்குளத்து வியாபாரியைக்கூட விடவில்லை. “என் தம்பி நடிகன் பின்னால சுத்துதான்னு சிரிச்சியள்லா? இன்னைக்கி என் கழுத்துல தாலி கெடக்குன்னா அவன் கை கெட்டியா இருந்ததாலதான்.” அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். தினமும் தூக்குவாளியில் மீன்குழம்பு வந்தது, அதில் வளனுக்கென்றே தலைத்துண்டு கிடந்தது. அதை அவன் சாப்பிடுவதற்குள் சோறு ஆறிப்போகும்.

குளியாளாக இருந்த ரோச், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாரைத் தள்ளுகிற வேலைக்குப் போனான். அவனோடு நடந்தாலும் டீக்கடையில் உட்கார்ந்தாலும் வளன் அவனுடைய கேட்காத இடது காதுப் பக்கமாகவே இருக்கப் பழகினான். அந்தப் பக்கமாக, உதடு அசைந்தும் அசையாமலும், “மச்சான், மன்னிச்சிரும்” என்று சொல்லுவான். மனசு லேசாவது போல இருக்கும். கொஞ்ச நேரம் போனதும் பழையபடி கனக்கும்.

எடுத்த போட்டோவை மட்டும் அவனால் விட முடியவில்லை. பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, வீட்டுக்குள் மாட்டினான். நடுவில் எரிமலை, பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய வளன். எரிமலையின் தோளுக்குப் பின்னால் ஓரமாக வள்ளத்தின் அணியமும், கட்டையில் சுற்றிய கயிறும் விழுந்திருந்தன. அந்த மூலையில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகி வைத்தான். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் அக்கிலீஸ் வந்து சேர்ந்தான். பாட்டு வெளியீட்டு விழாவில் இமையவர்மன் மைக்கைப் பிடித்து, “இந்தப் படத்துல நான் ஒரு அக்கிலீஸ்” என்று சொல்லிவிட்டார். மறுநாளே மன்றத்தார் ‘தூத்துக்குடி கண்ட அக்கிலீஸே’ என்று தெருமுனையில் பேனர் கட்டினார்கள். கட்டியபிறகுதான் டீக்கடையில் சந்தேகம் வந்தது.

“அக்கிலீஸ்னா யாருல?”

“கக்கூஸ் கழுவுத ஆசிட்டுல.”

“போல முட்டாப்பயல. அது கால்ல போடுத ஷூவு.”

விஷயம் தெரிந்தவர் ஜெர்சன் சார் ஒருவர்தான். நாசரேத்தில் வாத்தியாராக இருக்கிறவர், பட்டிமன்ற நடுவர் வேஷமும் கட்டுவார். அந்தோணியார் திருவிழாவுக்கு என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று கேட்கப் போனவர்களிடம் அவரே தலைப்பை எடுத்துக் கொடுத்தார்: ‘வீரத்தில் விஞ்சி நிற்பவர் கிரேக்கத்து அக்கிலீசா, நம்ம எரிமலையா?’ அக்கிலீஸ் கட்சிக்குப் பக்கத்துத் தெரு பேச்சிச்செல்வி, காலேஜில் சரித்திரம் படிக்கிற பிள்ளை. எரிமலை கட்சிக்கு வளனை விட்டால் யார்?

மேடைக்குப் பின்னால் கட்டும் பேனருக்கு அந்தப் போட்டோவையே போடுவது என்று மன்றத்தில் முடிவாயிற்று. வளன் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடினான்.

“அய்யாக்குட்டி அண்ணாச்சி, எங்க ரெண்டு பேரு மூஞ்சிய மட்டும் வெட்டிப் போடுங்க. பின்னால உள்ளதெல்லாம் வேண்டாம்.”

“சரில, போ” என்றார் அய்யாக்குட்டி. திருவிழா அன்று சாயங்காலம் பேனர் வந்தது. மேடையின் அகலத்துக்கு முழுப் படமும் விரிந்து கிடந்தது. கடல், வள்ளம், அணியம், கட்டை, எல்லாம். கயிறு மலைப்பாம்பு தண்டிக்கு இருந்தது.

“அண்ணாச்சி, நான் சொன்னது என்ன, நீரு செஞ்சது என்ன?”

“ரெண்டு தலைய மட்டும் போட்டா கண்ணீர் அஞ்சலி மாதிரி இருந்துச்சுடே. கடலையும் சேத்துப் போட்டம் பாரு, எப்பிடி நிக்கி!”

கழற்றச் சொல்ல வளனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. உண்மைக் காரணத்தைத் தவிர.

பட்டிமன்றம் தொடங்கியது. முதல் வரிசையில் டெல்பினும் ரோச்சும். ரோச் நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். வளன் போட்டிருந்த நீலச் சட்டை டெல்பின் திருவிழாவுக்கு எடுத்துக் கொடுத்தது. மச்சான் உயிரைக் காப்பாற்றிய கைக்கு முழுக்கையாக இருக்கட்டும் என்று சொல்லித்தான் எடுத்திருந்தாள்.

பேச்சிச்செல்வி எழுந்தாள். “நடுவர் அவர்களே, அக்கிலீசோட அம்மா அவன் கைப்பிள்ளையா இருக்கும்போது ஒரு மந்திர ஆத்துல முக்கி எடுத்தா. தண்ணி பட்ட எடத்துல ஆயுதம் ஏறாது. குதிகாலப் பிடிச்சி முக்குனதால அந்தக் குதிகால் மட்டுந்தான் நனையல. எதிர்க்கட்சி தலைவருக்கு ஒரு கேள்வி. கோட்டைக்குள்ள வாள் எடுக்கப் போன உங்க எரிமலைக்கு எந்த எடம் நனைஞ்சிச்சி? செருப்பாவது நனைஞ்சிச்சா?”

கூட்டம் விசிலடித்தது. வளனுக்குச் சூடு ஏறிவிட்டது. மேடையும் மைக்கும் எதிரே கூட்டமும் இருந்தால் எந்த ரசிகனுக்கும் புத்தி இடம் மாறிவிடும்.

“எங்க அண்ணனுக்கு டூப்பே கெடையாது!” என்று கத்தினான். “எட்டுப் பாகம், அம்பதடி ஆழத்துக்கு அவரே எறங்குனாரு. பக்கத்துல நின்னு பாத்தவன் நான்!”

சொல்லி முடித்தபிறகுதான் முதல் வரிசையைப் பார்த்தான். எட்டுப் பாகம் இறங்கியவன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். வேதத்தில், சீடன் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கும் இந்த இடத்தில் சேவல் கூவும். திருவிழாவானதால் தெருவில் இருந்த சேவலெல்லாம் குழம்புக்குப் போயிருந்தன.

பேச்சிச்செல்வி விடவில்லை. “அக்கிலீசுக்கும் ஒரு டூப் இருந்தான், நடுவர் அவர்களே. உயிர்ச் சிநேகிதன். அக்கிலீஸ் கோவிச்சிக்கிட்டுக் கூடாரத்துக்குள்ள உக்காந்தப்போ, அவன் கவசத்தப் போட்டுக்கிட்டுச் சண்டைக்குப் போனான். அக்கிலீஸ்னு நெனச்சி அவனக் கொன்னுட்டாங்க. அக்கிலீஸ் என்ன செஞ்சான் தெரியுமா? தல வழியா மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டுத் தரையில உருண்டான். சோறு தின்னல. என்னாலதான் செத்தான், நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டனேன்னு அழுதான். கூடாரத்துல சும்மா இருந்ததுக்காக வெக்கப்பட்டான். அதனாலதான் அவன் வீரன். உங்க எரிமலைக்குத் தனக்காகக் கடல்ல எறங்குனவன் பேராவது தெரியுமா?”

விசில் வரவில்லை. எல்லாரும் ரோச்சைப் பார்த்தார்கள். படத்துக்காக இறங்கியது யார் என்பது தெருவுக்குத் தெரியாதா என்ன? திருவிழாக் குஷியில் வளன் அளப்பதை ரசித்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஜெர்சன் சார் நிலைமையைக் கலகலப்பாக்கப் பார்த்தார். “வளன் தம்பி பக்கத்துல நின்னதுக்கு ஆதாரம் இந்தா பின்னாலயே நிக்கே!” என்று பேனரைக் காட்டினார்.

அப்போதுதான் டெல்பின் பேனரை நிமிர்ந்து பார்த்தாள். எரிமலையைப் பார்த்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் தம்பியைப் பார்த்தாள். அவள் பார்வை அப்படியே ஓரத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

அவள் எழுந்து மேடைக்கு ஏறினாள். நேரே பேனருக்குப் போய், கட்டையில் சுற்றியிருந்த கயிற்றின் மேல் விரலை வைத்தாள்.

“ஏலே வளன். கயிறு யாரு கையில இருக்கு?”

மைக் அவன் கையில் திறந்தே இருந்தது. அந்தக் கேள்வி ஒலிபெருக்கியெல்லாம் ஏறிக் கடற்கரை வரை போயிற்று. தெருவில் குளியாட்கள் வீடுதான் பாதி. கட்டையையும் கயிற்றையும் பார்த்து விளங்கிக்கொள்ள அவர்களுக்கு நடுவர் தேவைப்படவில்லை. ஒருத்தி வாயில் கை வைத்தாள்.

“அணியத்துல” என்றான் வளன்.

“ஒன் மச்சான் அப்பம் எங்கன?”

“கீழ.”

அவள் அவன் சட்டையைப் பார்த்தாள். கழுத்துப் பட்டையிலிருந்து கைமடிப்பு வரை நிதானமாகப் பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று வளன் கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தான். அவள் இறங்கிப் போய், ரோச்சைக் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜெர்சன் சார் எழுதிக்கொண்டு வந்திருந்த தீர்ப்பை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் யாரும் வளனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைதிருந்தால் பதிலுக்கு வைதிருப்பான், அடித்திருந்தால் வாங்கியிருப்பான். கரையில் அவனைக் கண்டதும் பேச்சு நின்றது. வலை இழுக்கக் கூட்டிப் போனவர்கள்கூட, “நீ இரி மக்கா, தண்ணிய எறை” என்று கயிறு இல்லாத வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. தூக்குவாளி வரவில்லை. நீலச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தான், பிறகு போடவில்லை. வீட்டுப் போட்டோவைக் கழற்றப் போனவன், கழற்றாமல் அந்தப் பிளாஸ்டிக் ரோஜாவை மட்டும் பிடுங்கி எறிந்தான்.

டீக்கடையில் ஒருநாள் ரோச் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பழக்கத்தில் வளன் இடது பக்கம் நகர்ந்தான்.

“அந்தப் பக்கம் போயி இன்னும் எத்தன நாளுல முணங்கப்போற?” என்றான் ரோச்.

“கேட்டுச்சா மச்சான்?”

“காது எங்க கேக்கு? எதுத்தாப்ல பாரு.” டீக்கடையில் எதிரே முழுநீளக் கண்ணாடி. “நீ வாய வாய அசைக்கது இதுல தெரியத்தான செய்யிது. மன்னிச்சிட்டேன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். சொன்னா வெக்கப்பட்டு எம்பக்கம் வாரதயே நிறுத்திருவ.”

“அக்காட்ட ஏன் மச்சான் பொய் சொன்னிய?”

“எனக்கு ஒரு காது போச்சு. அவளுக்குத் தம்பியும் போவணுமாக்கும்?” ரோச் டீயை உறிஞ்சினான். “நீ அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு மேடையில அப்பிடிச் சொல்லுவன்னு நான் நெனக்கல, மாப்ள. அதுதான் காதவிட வலிச்சிது.”

வளன் கிளாசுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தான். டீ ஆடை கட்டியது.

கச்சான் என்கிற மேல்காற்று முற்றி வீசும் மாதம் அது. பேனர் என்ன ஆயிற்று என்று மன்றத்தார் தேடினால், அது டெல்பின் வீட்டுக் கொல்லையில் குளியலறைக்குச் சுவராகியிருந்தது. எரிமலை உள்பக்கம், குளிக்கிறவர்களைப் பார்த்தபடி. அணியமும் கட்டையும் இருந்த ஓரத்தை மட்டும் மடித்து வெளியே இழுத்துக் கட்டியிருந்தாள். வளன் வீட்டு வாசற்படிக்கு நேர் எதிரே. காலையில் கதவைத் திறந்தால் அந்தக் கயிற்றில்தான் முழிக்க வேண்டும். தேடிப் பிடித்துத் திட்டுவதைவிட டெல்பினுக்கு இது சுலபமாக இருந்தது.

ஒரு மத்தியானம் காற்று பேயாட்டம் ஆடியது. பேனரின் ஒரு முனை பிய்த்துக்கொண்டு, கட்டியிருந்த கயிறோடு சடசடவென்று அடித்தது. டெல்பின் தனியாக ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை பறந்தது. வளன் வாசலில் நின்று பார்த்தான். போகலாமா, போனால் விரட்டுவாளா என்று கால் இழுபட்டது.

அவள் திரும்பவே இல்லை. “பாத்துக்கிட்டே நிக்க? வந்து இதயாவது பிடில” என்றாள்.

ஓடிப்போய்ப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான். காற்றுக்குக் கயிறு வெட்டி இழுத்தது, உள்ளங்கையில் எரிந்தது. அவள் மறுமுனையைக் கம்பத்தில் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட்டாள். சட்டைப்பையில் அவன் போன் அடித்தது. எரிமலையின் வசனம் கொல்லை முழுக்க முழங்கியது. எடுக்கவில்லை. முழங்கி ஓய்ந்தது.

டெல்பின் முடிச்சை முடித்துவிட்டு உள்ளே போனாள். விடு என்று சொல்லவில்லை. வளனும் விடவில்லை. உள்ளே அடுப்பில் ஏதோ கொதிக்கும் வாசனை வந்தது. தலைத்துண்டா, வேறா என்று தெரியவில்லை. கேட்கவும் முகம் இல்லை. காற்று ஓய்ந்தபிறகும் அவன் அங்கேயே நின்றான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு.